வசூலுக்கு வந்த அண்ணன்

தனியாக இருக்கிறவர்கள் பொய் சொல்லக் கூடாது. சொன்னால், பக்கத்தில் நின்று சமாளிக்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். தேவாரம் ஊரில் தையல் மெஷினுக்கு வாங்கிய கடனில் இரண்டு தவணை தவறியபோதுதான் எனக்கு இது புரிந்தது.

கடன்காரி என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். போக வேறு இடமும் கிடையாது. அதனால் வசூல் விதிகளைப் போனில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் (பள்ளியில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பேன்). ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசூல்காரர் வாசலில் பைக்கை நிறுத்தி இறங்கியதும் ஒப்பித்தேன்.

"மொதல்ல அடையாள அட்டையக் காட்டுங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போன் பண்ணக் கூடாது. கடன் விஷயத்த வேற ஆருகிட்டயும் சொல்லக் கூடாது."

அவர் அட்டையை நீட்டினார். "சொல்ல மாட்டேம்மா. எப்பக் கட்டுவீகன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குள் பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப் பார்த்தார். "ஆரு வந்திருக்காக?"

"எங்க பெரியப்பா மகன்க்கா."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

அன்று அக்கா மகள் சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. "இத்தன வருசத்துல ஒன்னயத் தேடி ஒரு ஆள் வந்திருக்காக. சாப்பிடாம அனுப்புவியா?" என்று வசூல்காரரின் பையை வாங்கிக்கொண்டு அக்கா முன்னால் நடந்தார். பை போனால் ஆளும் போகத்தானே வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சட்டம் பேசியவள் நான்தான்.

பந்தலில் நுழைந்ததும், "எங்க அண்ணன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை. சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது.

பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நாலு பேர் பிரியாணிக் கையோடு எழுந்து பின்வாசல் பக்கம் நழுவினார்கள். நழுவ முடியாமல் நடு இலையில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர்.

"விசேஷ வீட்டுக்கு வசூலுக்கு வரக் கூடாதுன்னு விதி இருக்குல்ல சார்?" என்றார் பரிதாபமாக. "திங்கக்கெழம கட்டிர்றேன்னேனே."

பந்தலே என்னைப் பார்த்தது. மேரி அக்கா கரண்டியோடு வந்து, "அப்ப இவுக ஒங்க அண்ணன் இல்லயா?" என்றார்.

"நான் ஆரப் பத்தியும் சொல்லக் கூடாதுங்க," என்று வசூல்காரர் காலி இலை ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வார்? கடனும் அடைந்து, பாக்கி இல்லை என்ற கடிதமும் வந்துவிட்டது. தெருவில் இன்றும், "அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பைக் சத்தம் கேட்டால், இன்னும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அவருக்குப் பிறகு என்னைத் தேடி யாரும் வரவில்லை.