சாக்குக்குள் நின்ற பெரியவர்

சங்கரன்கோவில்,
24-6-83, வெள்ளிக்கிழமை மத்தியானம்.

சென்னையில் சீரும் சிறப்புமாக இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி நல்லக்கண்ணுவுக்கு, அத்தான் உச்சிமாகாளி ஆசீர்வதித்து எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்கா பேச்சித்தாயும் மகள் கோமதித்தாயும் இங்கு சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ பார்த்து அனுப்பிய வரன் அதற்கு வழிவிடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, உன் பேங்க் மேனேஜர் திருவுடையான், பெரிய கலா ரசிகர், எந்த ஊருக்குப் போனாலும் தெருத் தெருவாக நடந்து சிலையும் பழைய சின்னமும் பார்ப்பார், அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். கோமதிக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் கேசரி தின்றுவிட்டுப் போனதோடு சரி. இதுவும் தட்டிப்போனால் உன் அக்கா படுத்துவிடுவாள் என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் லேட். அவர்கள் இறங்கும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ராகு காலத்தில் வாசல்படி மிதிக்கலாமா? மாப்பிள்ளையும் தாயாரும் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும், "அதுவரைக்கும் ரத வீதியச் சுத்திப் பாப்போமே" என்றார். கோபுரத்தைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அத எல்லாரும் பாத்துருவாங்க. யாரும் பாக்காதத காட்டுங்க" என்கிறார். யாரும் பார்க்காததற்கு நம் ஊரில் பஞ்சமா?

முதலில் சிமிட்டியில் செய்த மான்கள். வீதி அழகுபடுத்தும் கமிட்டி என்று ஒன்று இருக்கிறதே, கூட்டம் போட்டு வடை தின்பதற்கென்றே பிறந்த கமிட்டி, அவர்கள் வைத்தது. ஒரு மானுக்குத் தலை இல்லை. இன்னொன்றின் தலை மானுடையதா கழுதையுடையதா என்று கமிட்டிக்கே தெரியாது. இவர் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன ஒரு துணிச்சல்!" என்கிறார். செய்தவனுக்கா, பார்க்கிறவனுக்கா என்று கேட்க வாய்வரை வந்தது, கோமதியை நினைத்து மென்று விழுங்கினேன். அடுத்து வெள்ளைக்காரன் காலத்து மாட்டுத் தண்ணீர்த் தொட்டி. டீக்கடை மைதீன் பாட்சா அதில்தான் கிளாஸ் கழுவுகிறார். இவர் குனிந்து அதிலிருந்த எழுத்தைத் தடவித் தடவி உருகுவதைப் பார்த்துவிட்டு மைதீன் பாட்சா என்னிடம், "என்ன வே, தொட்டிய வெலைக்குக் கேக்காரா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் வினை வந்தது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரப் பாடுபட்ட ஒரு பெரியவருக்குக் கமிட்டி சிலை செய்து, மந்திரி வந்து திறக்கட்டும் என்று சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்தது. மந்திரி மாறினார், அடுத்து வந்த மந்திரியும் மாறினார், சாக்கு மட்டும் மாறவில்லை. மூடிக் கிடந்தால் சாமிதான் என்று நம் பெண்கள் முடிவு கட்டி, விஷக்கடி அண்டாமலிருக்கக் கோயிலில் போடுகிற பாம்புத் தகட்டையும் தேள் தகட்டையும் இங்கேயும் வைத்து, உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ரசிகருக்குக் கை சும்மா இருக்குமா? "சிற்பியோட வேலைய லேசா எட்டிப் பாத்துக்கறேன்" என்று கயிற்றை நெகிழ்த்தினார். ஆனிக் காற்றுக்கு அது போதாதா? சாக்கு பறந்துபோய் டீக்கடைக் கூரையில் விழுந்தது. மூக்கு உதிர்ந்து, கக்கத்தில் குருவிக்கூட்டோடு, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி பெரியவர் வெளிப்பட்டார். தகடு விற்கும் சீனியம்மாள், "ஏ தாயே, சாமி கண்ணத் தொறந்துட்டாரு!" என்று குலவை போட்டாள். வீதியே சேர்ந்து குலவை போட்டது.

கமிட்டிச் செயலாளர் கருத்தப்பாண்டி அரிசிக்கடையிலிருந்து ஓடி வந்தான். "எவம்லே அவுத்தது? மந்திரிக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்? ஸ்டேஷனுக்கு நடங்கலே!" திரும்பிப் பார்க்கிறேன், நம் ரசிகர் எட்டப் போய்ச் சினிமா போஸ்டரை ரசித்துக்கொண்டிருக்கிறார். என்னை முன்பின் தெரியாத முகம். காட்டிக்கொடுத்தால் கல்யாணம் போச்சு. "நான்தாம்யா அவுத்தேன்" என்றேன். "ரிட்டயராயாச்சுன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான வே? நீரே ஏறிக் கட்டும்" என்று ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டான். தாலுகா ஆபீஸில் தலைநிமிர்ந்து நடந்தவன், வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறி, பெரியவர் கழுத்தைக் கட்டிப்பிடித்துச் சாக்குச் சுற்றினேன். "எடது பக்கம் எறக்கும் வே, காலு தெரியுது" என்று கீழே கூட்டம் யோசனை சொல்லியது. இறங்கினால் ரசிகரைக் காணோம். கோயிலில் தாயையும் மகனையும் காணோம். மூவரும் பஸ் ஏறிவிட்டார்கள். வீட்டில் கேசரி ஆறிக் கிடக்கிறது. கோமதி பட்டுப்புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு மாவாட்டுகிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் நல்லக்கண்ணு, மேனேஜர் என்று பயப்படாமல் அந்தக் கோழையிடம் நேரே போய்ச் சொல். தலையில்லாத மானுக்கு உருகிய கோழைக்கு ஏணியில் நின்ற மனுஷன் கண்ணில் படவில்லை. அப்படிப்பட்ட கோழையின் வீட்டில் என் மகள் விளக்கேற்ற மாட்டாள். உன் வீட்டில் அனைவருக்கும் ஆசி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கலா ரசனை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான் உச்சிமாகாளி

பின்குறிப்பு: இன்லண்டை ஒட்டப் போகும்போது வாசலில் ஆள் சத்தம். மூன்று பேரும் நிற்கிறார்கள். பஸ் ஏறவில்லையாம். கோயிலில் வைத்து விஷயத்தைக் கேட்ட மாப்பிள்ளை, "அவர ஏணியில ஏத்திட்டு நீங்க எப்படிப்பா வந்தீங்க?" என்று தகப்பனாரை அரிசிக்கடைக்கு இழுத்துப் போயிருக்கிறான். கருத்தப்பாண்டி சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை காத்துக் கிடந்து, "அவுத்தது நான்தான்" என்று தகப்பனார் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். திருவுடையான் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டார். உள்ளேயிருந்து கோமதி, "அப்பா ஏணியில நின்னத நான் பாக்காமப் போயிட்டேனே!" என்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பெண் பார்த்து முடிந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். நான் சந்தோஷம் தாங்காமல் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன். வேறு இன்லண்டு வாங்கலாமென்றால் தபாலாபீஸ் சாத்திவிட்டார்கள். அதனால் மேலே கோழை என்று கண்ட இடத்திலெல்லாம் சம்பந்தி என்று போட்டு வாசித்துக்கொள்.