எருமையின் சோகப் பாட்டும் வா-வா பெடலும்

ஒரு காட்டில், அதுவும் கரண்ட் வந்துவிட்ட காட்டில், மாசிலாமணி என்றொரு எருமை இருந்தார். பெயர்தான் மாசிலாமணி, கழுத்துவரை எப்போதும் சேறு. கனத்த குரலில் சோகப் பாட்டு பாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சோகத்துக்குக் காரணம் இருந்தது. தீவனத்தில் உப்பில்லை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மனைவி செல்லக்கிளி கோபித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எருமைக்குச் செல்லக்கிளி என்று பெயரா என்று கேட்காதீர்கள். அவளைப் பெற்றவருக்கு அவள் கிளிதான். அன்றிலிருந்து மாசிலாமணி குட்டைக்கரையில் உட்கார்ந்து ஒரே பாட்டைத்தான் பாடினார்:

"போனாளே, போயே போனாளே, குட்டை வத்திப் போச்சு, அவ போயே போனாளே."

காதில் விழுந்தால் மனம் இளகி வந்துவிடுவாள் என்று நம்பினார், பாவம். அவள் வரவில்லை, ரசிகர்கள்தான் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் இசை விமர்சகர் வெள்ளைச்சாமி என்ற கொக்கு. ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடி, "என்னா வேதனை, என்னா வேதனை" என்று உருகுவார். அக்கரைக்கு ஓர் எட்டுப் பறந்துபோய் அந்த வேதனையைத் தீர்த்துவைக்கலாமே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வருடங்கள் ஓடின. இளவட்டங்கள் குட்டைக்கரைப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. அப்போதுதான் ரெக்கார்டிங் கம்பெனி நடத்தும் மயில் வந்தது.

"அண்ணே, இனிமே ராக் பாடுங்க. சைக்கடெலிக் ராக்."

"ராகமா?"

"இல்லண்ணே, ராக். கேக்கறவனுக்குத் தலை சுத்தணும், அந்த மாதிரி வெளிநாட்டுப் பாட்டு."

"சரி, வாலை வெட்டின ராகம். அதைப் பாடினா அக்கரைக்குக் கேக்குமா?"

"பெரிய பெரிய ஸ்பீக்கர் வைக்கிறோம்ணே. அதுக்கு அந்தப் பக்கமும் கேக்கும்."

மாசிலாமணி அப்போதே சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி. மயில் தோகையை விரித்துக்கொண்டு பின்னால் நின்று சுழன்றதில் முன்வரிசைக்குத் தலை சுற்றியது. எலெக்ட்ரிக் கிடார் வாசித்தது ஒரு குரங்கு. அதன் காலடியில் ஒரு பெடல் இருந்தது. அதற்குப் பெயரே வா-வா பெடல். மிதித்தால் கிடார் யாரையோ கூப்பிடுவதுபோல "வா... வா..." என்று இழுக்கும்.

மாசிலாமணி "போனாளே" என்றார். கிடார் "வா... வா..." என்றது. பாட்டு முழுக்க அப்படியேதான்.

வெள்ளைச்சாமி இரண்டாவது காலையும் கீழே ஊன்றிவிட்டார். அவ்வளவு கோபம். "சேத்துல கரண்ட்டை விட்டுட்டானுங்கய்யா. சோகம் செத்துப் போச்சு" என்றார். பழைய ரசிகர்கள் பாதியில் எழுந்து போனார்கள், இளசுகள் ஆடித் தீர்த்தார்கள். காடு இரண்டுபட்டது. கச்சேரியைத் தடுக்க ஆமைகள் ஊர்வலம் கிளம்பின. இன்னும் வந்து சேரவில்லை.

மறுநாள் காலை, முதுகில் ஆற்றுத் தண்ணீர் சொட்ட, செல்லக்கிளி வந்து நின்றாள்.

மாசிலாமணி சேற்றை உதறிக்கொண்டு எழுந்தார். "இத்தனை வருசமாப் பாடினேனே புள்ள, காதுல விழவே இல்லையா?"

"விழாம என்ன? போனாளே போனாளேன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. ஒரு தடவையாவது என்னைப் பார்த்து வான்னு சொன்னீங்களா? கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது, எனக்கு ரோசம் இல்லையா? நேத்துதான் கூப்பிட்டீங்க. வந்துட்டேன்."

அது பெடல் என்று சொல்ல மாசிலாமணி வாயெடுத்தார். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, சமயம் பார்த்து வாயை மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணீர் முட்டியது.

சாயங்காலம் வெள்ளைச்சாமி பழைய ரசிகர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். "தாயி, நீங்க வந்ததுல எங்களுக்கும் சந்தோசந்தான். ஆனா கலைக்காக, தயவுபண்ணி, மறுபடி ஒருதரம் கோச்சுக்கிட்டுப் போகக்கூடாதா?"

செல்லக்கிளி கொம்பைத் தாழ்த்தினாள். கொக்கு பறந்தே போய்விட்டார்.

இப்போது மாசிலாமணி தினமும் சந்தோஷப் பாட்டு பாடுகிறார். செல்லக்கிளி முன்னால் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். உண்மையைச் சொன்னால், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய ரசிகர்களும் இளசுகளும் ஒத்துப்போனதால், காடு மறுபடி ஒன்றுபட்டது.

நீதி: நன்றாக அழுது பாடுகிறவரின் குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிடாதீர்கள். அவர் சுகமாக இருப்பார். கேட்க வேண்டியது நாம்தான்.