ஓய்வில் உழவர் குடும்பங்கள்

உலகில் உழைக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். ஓய்வெடுக்கத் தெரிந்தவர்களோ அபூர்வம். அந்த அபூர்வக் கலையைத் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்த்த பெருமை எங்கள் 'யுத்தகால மக்கள் மகிழ்ச்சிக் கமிட்டி'யையே சேரும். அதன் காரியதரிசி என்ற முறையில் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

1944 ஐப்பசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டோம். யுத்தம் நடந்தாலும் நம் குடியானவர்கள் பிள்ளை குட்டிகளோடு மரத்தடியில் ஆனந்தமாகச் சாய்ந்திருப்பதை ஓவியமாக்கிப் பட்டணத்துச் சர்க்காருக்கு அனுப்புவது என்று. அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்து ஓவியர் ஜோதிலிங்கம் வரைய ஒப்புக்கொண்டார். பரளச்சிக்குப் பக்கத்தில் ஊருணிக்கரை வேப்பமரத்தைத் தேர்ந்தெடுத்தோம். தலைவர் சௌந்தரபாண்டியனும் நானும் குடும்பத்தோடு மேற்பார்வைக்குப் போனோம். மேற்பார்வை லேசான வேலையல்ல. கட்டுச்சோறே ஒரு கூடை இருந்தது.

போனால் மரத்தடியில் ஈ காக்கை இல்லை. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் ஊரே விதைப்பில் இருந்தது. சோலை என்ற சம்சாரி ஏர் பிடிக்க, அவன் மனைவி குருவம்மாள் பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கார் விருப்பப்படி இருவரும் உடனே வந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று தலைவர் வரப்பில் நின்று உத்தரவிட்டார். மறுப்பவர்கள் பேர் மேலிடத்துக்குப் போகும் என்றும் அன்போடு தெரிவித்தார். சோலை மிரண்டு ஏரை நிறுத்திவிட்டான்.

குருவம்மாள் நிமிரவேயில்லை. "ரெண்டு நாள்ல ஈரம் காஞ்சிரும்யா. வெதைக்காம விட்டா வருசம் பூரா ஓய்வாத்தான் இருப்போம். அப்ப வந்து வரைங்க."

சோலை மாட்டைத் தட்டினான். ஏர் நகர்ந்தது.

காரியம் கெடலாமா? தலைவர் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைக் கட்டி, தேசத்துக்காகப் படுத்தார். அவர் சம்சாரம் கோகிலாம்பாள் வைரத்தோட்டை மடியில் முடிந்துகொண்டு வெற்றிலை மடித்தார். எங்கள் பிள்ளைகள் மேல் கரிசல் மண்ணைப் பூசி விளையாட விட்டோம். நானும் சாய்ந்தேன். இவ்வளவு இயற்கையாக யாரும் தம் படத்துக்கு இருந்து கொடுத்ததில்லை என்று ஜோதிலிங்கம் வியந்தார். தலைவரின் குறட்டையைத்தான் அவரால் வரைய முடியவில்லை. ஓரத்தில் பொடியாக ஏரும் இரண்டு ஆட்களும் தீட்டியிருந்தார். அது படத்தின் அமைதியைக் கெடுத்ததால், சட்டம் போடும்போது மறைத்துவிட்டோம்.

பட்டணத்திலிருந்து படம் ஓர் உத்தரவோடு திரும்பி வந்தது. இந்தப் பக்கம் விளைச்சல் ஏன் குறைகிறது என்பது ஓவியத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டதாம். இப்படிப் புரண்டு கிடக்கும் சோம்பேறிகளுக்கு உழைப்பின் மேன்மையைக் கமிட்டி உடனே போதிக்க வேண்டுமாம்.

கடமையிலிருந்து நாங்கள் தவறியதில்லை. களையெடுத்துக்கொண்டிருந்த சனங்களைக் காட்டிலிருந்து வரவழைத்து வெயிலில் உட்கார வைத்தோம். படத்தை முன்னால் நிறுத்தி, சோம்பலின் கேடுகளைத் தலைவர் உச்சிப் பொழுதுவரை விளக்கினார். "படத்திலிருப்பவர்களைப் போல நீங்கள் வாழக்கூடாது" என்று முடித்தார்.

குருவம்மாள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நாங்க எப்படிய்யா அப்படி வாழ முடியும்?" என்றாள். "இவுகளுக்குக் கஞ்சி ஊத்த நாங்க இருக்கோம். எங்களுக்கு ஊத்த யாரு இருக்கா?"