ரோஸ்விதா அத்தை துடைத்த கண்ணாடிச் சுவர்

அன்புள்ள ரோஸ்விதா அத்தைக்கு,

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்கவும். நேரில் வந்தால் பிளம்ஸ் கேக்கை நீட்டுவீர்கள். வாய் நிறைந்துவிடும், சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். போன சனிக்கிழமை அப்படித்தான் ஆனது. ஓய்கன் மாமாவின் மூக்கு வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

ரயில்பாதைக்கும் உங்கள் தோட்டங்களுக்கும் நடுவே வரும் சத்தத் தடுப்புச் சுவரைக் கண்ணாடியில் வைக்கலாம் என்று, அதைக் கட்டும் எங்கள் அலுவலகத்தில் சொன்னது நான்தான். எதிர்மலைத் திராட்சைத் தோட்டம் மறையக் கூடாதே என்று. நம் குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவளின் முதல் சுவர். ஊர்க்கூட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அதெல்லாம் சரி, யாருடி துடைக்கிறது?" மழை துடைத்துவிடும் என்றேன். கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறுவாரமே, இந்த வாரம் வாசல் பெருக்கும் முறை யாருக்கு என்று காட்டும் மரப்பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்களே சுவரையும் துடைக்க வேண்டும் என்று தெரு முடிவுசெய்துவிட்டது. பக்கத்து வீட்டு கெர்லிண்டே துடைத்ததில் ஈரத் தடம் தெரிகிறது என்று நீங்கள் மறுபடி துடைக்க, அது பொறுக்காமல் அவர் ஏணி வாங்க, கடைசியில் சுவர் இருப்பதே தெரியாமல் போய், ஓரத்தில் கிடந்த ஆப்பிளை எடுக்கக் குனிந்த மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருடா என்னை அடிச்சது?" என்று தோட்டம் முழுக்கத் தேடினார்.

மாமா பிழைத்தார், குருவிகள் பிழைக்கவில்லை. இப்படியே மோதிச் செத்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கான்கிரீட் வைத்துவிடுவோம் என்கிறார் மேலதிகாரி. அதனால் குருவிக்குத் தெரியட்டும் என்று நெடுக வெள்ளைப் பட்டைகள் ஒட்டினேன். சனிக்கிழமை வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அடுப்பு சுரண்டும் பிளேடோடு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

"எந்த வேலையத்த பயலோ ஒட்டிட்டுப் போயிருக்கான்டி. கையில கெடச்சான்னா இருக்கு அவனுக்கு! இப்ப பாரு, எப்படி இருக்கு?"

"பளிச்சுனு இருக்கு அத்தை."

அந்தப் பயல் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேக் வந்துவிட்டது.

"ரயில் சத்தம் அடங்கினப்புறம்தான்டி குருவி பாடுறதே கேக்குது. இத்தனை வருஷமா அது வாயத் தொறந்து மூடுறத மட்டும்தான் பாத்திருக்கேன்" என்று போனில் சொன்னீர்களே. அதைச் சொன்ன உங்கள் குரலை நினைத்துத்தான் இதை எழுதத் தைரியம் வந்தது. மற்றபடி குறை சொல்ல எழுதவில்லை. எப்போதும்போலத் துடையுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் வாசலில் ஒரு சருகும் தங்காதிருக்கட்டும். மாமாவுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி மகள்,
அன்னெலி

பி.கு.: ஒன்றும் வேண்டாம் என்றது பொய். திங்கட்கிழமை புதுப் பட்டைகளோடு வருகிறேன். நான் ஒட்டினால் யார் வேண்டுமானாலும் சுரண்டுவார்கள். நீங்கள் ஒட்டியதில் கைவைக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் துணிச்சல் வராது. கெர்லிண்டே பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதல் பட்டையை உங்கள் கையால் ஒட்டித் தருவீர்களா, அத்தை?