தராசில் நிறுத்த புல்தரை

எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய பத்தொன்பது வயதுக்காரன் கையில் படம் போட்ட விலைப்பட்டியல் எதுவும் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் சேதம்.

எனக்குக் கிடைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில். சீமைக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில், கழித்துப்போட்ட காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. நடுப்பக்கத்தில் ஒரு சிவப்பு மிஷின். பெயர் ஸ்கேரிஃபையர். புல்தரையைக் கீறிக்கொண்டே போய், அடியில் படிந்த பாசியையும் செத்த புல்லையும் வாரி வெளியே எறியுமாம். அதற்குப் பிறகு புல் தாராளமாக மூச்சுவிட்டு வளருமாம். நான் மூச்சுவிட மறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். (என் வயதுப் பையன்கள் வேறு மாதிரிப் படங்களை அப்படிப் பார்த்தார்கள். என் விதி, புல்.)

காரணம் இருந்தது. நானும் அக்காவின் புருஷன் மாரிமுத்து மச்சானும் அப்போது ஒரு ‘கம்பெனி’ நடத்தினோம். பங்களாத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுக்கும் கம்பெனி. மூலதனம் இரண்டு மண்வெட்டி, ஒரு பெரிய கத்தரிக்கோல், என்னுடைய ஆங்கிலம். மச்சான் முன்பு தேயிலை லொறியில் கிளீனர். எஞ்சின் சத்தம் கேட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா எங்கள் கம்பெனிக்குக் கெடு வைத்திருந்தார். “சீசன் முடியிறதுக்குள்ள நாலு பங்களா பிடிச்சுக் காட்டு. இல்லாட்டிப் பேசாம வந்து பெரட்டுல நில்லு. தொரைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.” பெரட்டு என்பது விடிவதற்கு முன்பே ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். அந்தக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் ஆங்கிலத்தோடு நான் நிற்பதா?

எங்களிடம் இருந்த ஒரே பங்களா, தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற அருளப்பு ஐயாவுடையது. வாசலில் புல்தரை பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருக்கும். காலையில் அதில் வெறுங்காலோடு நடந்துவிட்டுத்தான் அவர் தேநீரையே தொடுவார். “மெத்தை தோத்துச்சு போ, தம்பி!” என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் புல்தரையில்தான் தேநீர் விருந்து. மாப்பிள்ளையின் அப்பா, கொட்டகலைப் பக்கத்தில் துரைக்கு அடுத்தபடியாக மலையையே ஆளும் பெரிய கண்டாக்கு. அவருடைய சிநேகிதர்கள் எல்லோரும் கண்டாக்குகளும், தோட்ட ஆபீஸ்களின் பெரிய கிளாக்கர்களும்.

“தரை மட்டும் ஜோரா இருக்கட்டும். வர்றவங்ககிட்ட எல்லாம் நானே உங்களைப் பத்திச் சொல்றேன்,” என்றார் ஐயா.

நாலு பங்களா என்ன, நாற்பதையே பிடித்துவிட்டதாக நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். மிஷின் ஒன்றுதான் பாக்கி.

எதை வாங்குவது? கையில் மூன்று இருந்தன. ஒன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஆசாரி, கட்டில் ஸ்பிரிங்கை வளைத்துச் செய்த கம்பி வாரி. இரண்டாவது, ஏலக்கடையில் இரவல் வாங்கிய தள்ளுவண்டி, உருளை நிறையக் கத்திகள். மூன்றாவது அவளேதான்! பட்டியலில் பார்த்த அதே சிவப்பு, பெட்ரோல் எஞ்சினோடு. நுவரெலியாக் கடை முதலாளி, “பலலா கன்ன, மல்லி,” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்பினார். பார்த்துவிட்டு வாங்கிக்கொள், தம்பி. நாங்களும் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை ஐயா குடும்பத்தோடு துணியெடுக்க நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். நாங்கள் புல்தரையைக் கயிறு பிடித்து மூன்று பட்டையாகப் பிரித்தோம். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பட்டை. எது கெட்டிக்கார மிஷின் என்று எப்படித் தீர்மானிப்பது? கணக்கப்பிள்ளை மகனுக்கு இதுகூடவா தெரியாது? தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களில் யார் கெட்டிக்காரர் என்று எப்படித் தெரிகிறது? கூடையை நிறுத்துப் பார்த்துத்தானே! அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு தராசும் கொழுந்துக் கூடைகளும் கொண்டுவந்து போர்ட்டிகோவில் தொங்கவிட்டேன்.

கம்பி வாரி முக்கால் கூடை கொடுத்தது. தள்ளுவண்டி இரண்டு கூடை. மச்சான் சிவப்பு மிஷினின் கயிற்றை இழுத்தார். அது ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைக்குப் போய்விட்டன. கூடை கூடையாகப் பச்சை பச்சையாக வந்து விழுந்தது.

“பாத்தியா மாப்ள, எம்புட்டு அழுக்குன்னு! இம்புட்டையும் வச்சுக்கிட்டுப் பாவம் அந்தப் பில்லு எப்படி மூச்சு விட்டிருக்கும்?”

“கத்தியை இன்னும் கொஞ்சம் எறக்குங்க மச்சான்!”

என்ன ஆனந்தம்! தராசு முள் ஏற ஏற நான் குதித்தேன். பிறகு எனக்கு ஒரு நியாய உணர்ச்சி வந்தது. கம்பி வாரிக்கு வேலியோரம் கிடைத்தது. அங்கே பாசி குறைவாக இருந்திருக்கலாம். ஆகவே பட்டைகளை மாற்றி இன்னொரு சுற்று. தள்ளுவண்டிக்கு ஒரு வாய்ப்பு. பிறகு சிவப்புக்கே ஒரு கடைசி வாய்ப்பு. பரீட்சை முடிந்து, சிவப்பே முதல் என்று நான் முழங்கித் திரும்பிப் பார்த்தபோது, பரீட்சை நடந்த இடத்தைக் காணவில்லை. வேலிக்கு வேலி கறுப்பு மண். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புற்கள், வெட்கத்தோடு நின்றன.

ஐயா மெத்தை என்று சொன்னாரே, அது புல்லே இல்லை. கந்தப்பளைப் பனியில் வருஷக்கணக்காக வளர்ந்த பாசி. முழுக்க முழுக்கப் பாசி.

மச்சான் எஞ்சினை நிறுத்தினார். “பரவால்ல மாப்ள. கவ்வாத்து வெட்டுன தேயிலையும் இப்படித்தானே மொட்டையா நிக்கும்? அப்புறம் தளிர்க்கலையா?”

“எப்ப மச்சான் தளிர்க்கும்?”

“அது ஆகும், மூணு மாசம்.”

சாயங்கால பஸ்ஸில் ஐயா வந்து இறங்கினார். பழக்கதோஷம், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். ஒரு கால் மண்ணில் பட்டது. அப்படியே நின்றார்.

“தம்பி… என் பில்லு எங்க?”

நான் மூலையில் குவிந்திருந்த குவியலைக் காட்டினேன். “இந்தா இருக்குங்கையா. நெறுத்தே வச்சிருக்கோம்.”

(இந்தப் பதிலை நான் சொல்லவே இல்லை என்று பல வருஷம் சாதித்தேன். மச்சான் சாட்சி சொல்லிவிட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை தூறியது. விருந்தில் நாற்காலிகள் மண்ணில் மெல்ல மெல்ல இறங்கின. பேசப் பேசப் பெரிய கண்டாக்கையா குள்ளமாகிக்கொண்டே போனார். அப்பாவும் வந்திருந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“என்ன சம்பந்தி, வாசல் முத்தத்தையே கொத்தி வச்சிருக்கீங்க?” என்றார் கண்டாக்கையா.

எல்லோரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று பயந்து, பலகாரத் தட்டோடு நான் பின்வாங்கினேன். ஐயா இருமினார்.

“கிழங்கு போடப் போறோம் சம்பந்தி. கல்யாணச் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டு உருளைக்கிழங்குதான் வேணும்னு ஸ்டெல்லாவுக்கு ஆசை.”

அப்படி ஒரு ஆசை இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்ட ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எஞ்சினே தேவையில்லை.

“அப்படிப் போடுங்க!” கண்டாக்கையா தொடையில் தட்டினார். “பில்லை வளர்த்து யாரு திங்கிறது? நானும் என் முத்தத்தைக் கொத்தப் போறேன்!”

சுற்றியிருந்த கண்டாக்குகளும் கிளாக்கர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சம்பந்தம் பிழைத்தது. எங்கள் கம்பெனி அங்கேயே, பலகாரத் தட்டோடு, செத்தது.

மிஷினைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி, “ஹொந்தட்ட வெட கரனவா நேத?” என்று கேட்டார். நன்றாக வேலை செய்கிறதல்லவா? அந்த மிஷின் மேல் நான் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் நின்றேன். அப்பா திட்டவில்லை. வேலை பிரிக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீ கவ்வாத்து மலைக்குப் போ. அங்க எம்புட்டு வெட்டினாலும் யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார். பெரட்டே சிரித்தது.

ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் கிழங்குக் கறியை நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல மண், நன்றாகக் கிளறிய மண், ருசி இருக்கத்தானே செய்யும்?

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது புடவைக் கடையில் உட்கார்ந்து அலமாரியையே கீழே இறக்கினால், அக்கா பின்னாலிருந்து சொல்லுவாள்: “போதும்டி, கொஞ்சம் பில்லு மிச்சம் வையி.” போன மாதம் என் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். ஏழாவது வீடு. காரில் ஏறும்போது அவனே என் காதோரம் குனிந்து கேட்டான்:

“அப்பா, தராசு எடுத்துக்கிட்டீங்களா?”