குழல் சின்னது என்று சொன்னவர்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன கொழுந்தனுடைய பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஏழில் ஒன்றாவது ஒரு நாளாவது அரை வயிற்றோடு படுத்தது என்று யாராவது சொல்லட்டும், மூக்குத்தியைக் கழற்றிக் கொடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த விருந்தாளியை வாழ்நாளில் ஒரு தடவைதான் திட்டியிருக்கிறேன். அது ஒரு துப்பாக்கியால் வந்த வினை. துப்பாக்கி என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடி செய்தது அவர்கள் குற்றம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

என் இரண்டாவது மகன் தாணு இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். தக்கலைப் பக்கம் இப்படி வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சிலர் வாழைத் தோட்டம் போடுவார்கள், சிலர் பாங்கு வாசலில் காவல் நிற்பார்கள். என் மகனுக்கும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. லைசென்ஸ் எடுத்து ஆளுக்கொன்று வாங்குவது, எந்தக் கம்பெனி புதிதாக என்ன இறக்கியிருக்கிறது என்று போனில் பார்ப்பது, பார்த்துவிட்டுக் குறை சொல்வது. நானும் மருமகளும் போட்ட சத்தத்தில், வீட்டில் அந்தச் சொல்லையே எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, அதைக் 'குழல்' என்று சொல்வது. நாட்டைக் காத்த நாலு ஆண்கள், இரண்டு பெண்களுக்குப் பயந்து ரகசியப் பாஷை பேசியிருக்கிறார்கள். எனக்கு அப்போது தெரிந்த குழல் ஒன்றே ஒன்றுதான். புட்டுக்குழல்.

அந்தக் கூட்டாளிகளில் மூத்தவர் சுபேதார். அவர் மகனுக்கு எங்கள் சுபிதாவை, அதாவது தாணுவின் மகளைக் கேட்டிருந்தார்கள். பையனுக்குப் பிடித்துப்போயிற்று. சுபிதாவுக்கும் பிடித்திருந்தது (சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் ஒரே சுடிதாரை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்). ஞாயிற்றுக்கிழமை காலையில் சுபேதார் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. கூட மற்ற இரண்டு கூட்டாளிகளும் வருகிறார்கள் என்று தாணு சொன்னான். எதற்கு என்று சொல்லவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் பழைய புட்டுக்குழல் ஓட்டை விழுந்தது. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதியது வாங்கினேன். கடையில் பெரியதாகத் தெரிந்தது, வீட்டுக்கு வந்ததும் நாலு விரல் குறைந்துவிட்டது. மருமகள் பார்த்த உடனே, "அத்தே, இது சின்னதாக்குமே" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உனக்கு டூட்டிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டு அனுப்பிவைத்தேன். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருமகளுக்கு அன்றும் டூட்டி. முதல் ஈடு புட்டும் கடலைக்கறியும் பப்படமும் மட்டிப்பழமும் கொண்டு வைத்துவிட்டு அடுத்த ஈடு அவிக்க அடுக்களைக்குப் போனேன். ஆவியில் கண்ணாடி மங்கியது, கழற்றி வைத்தேன். அப்போதுதான் மேசையிலிருந்து பேச்சு கேட்டது.

குழல் நீளம் காணாது, போதவே போதாது என்றார் ஒருவர். கையில் எடுத்தால் கனமே இல்லை, எங்கள் வீட்டில் இருப்பதில் பாதி வராது என்றார் இன்னொருவர். இப்போது எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று என் மகன் பரிந்து பேசினான். (என் மகனல்லவா என்று நெஞ்சு நிறைந்தது.) எண்ணெய் தடவி வைக்கவில்லை என்றால் உள்ளே சிக்கும், சிக்கினால் தட்டித்தான் எடுக்கவேண்டும் என்று எனக்கே பாடம் சொன்னார்கள். பொம்பளைகள் கைக்குக் கொள்ளாம், நன்றாயிருக்கும் என்று ஒரு சிரிப்பு வேறு. பொம்பளை கைக்கு உள்ளதென்றால் அவ்வளவு இளப்பமா? அந்தக் கைதானே அவிக்கிறது? சுட்டுப் பார்த்தாயா என்று யாரோ கேட்டார்கள். புட்டை அவிப்பார்களே தவிர யாராவது சுடுவார்களா? அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் முந்திக்கொண்டது.

கடைசியில் சுபேதாரின் குரல்.

"தாணு, உள்ளதச் சொல்லுகேன். இந்தச் சின்னக் குழல நம்பி நான் ஒரு காரியத்துக்கும் எறங்க மாட்டேன்."

முடிவு சொல்லிவிட்டார். அதுவும் பெண்ணைக் குறை சொல்லி அல்ல. நான் புட்டு அவிக்கிற குழலைக் குறை சொல்லி, என் பேத்தியைத் தள்ளிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற சுபிதாவைத் தாண்டி, ஆவி பறக்கிற குழலைக் கைப்பிடித் துணியோடு தூக்கிக்கொண்டு போனேன். அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு 'நீரு' ஆகிவிட்டது.

"சுபேதாரே, ஏழு பிள்ளையள இந்தக் கையால ஊட்டி வளத்தவ நான். குழல் சின்னதுன்னா பத்து தடவ அவிப்பேன். நீரு தின்னு முடிக்காம இந்த மேசைய விட்டு எந்திரிக்கப்பிடாது. பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும். என் குழலக் குத்தம் சொல்லாதயும்."

சொல்லிக்கொண்டே, அவர் முன்னால் கறுப்பாகத் தெரிந்த தட்டில் குழலைச் சாய்த்துக் கம்பால் ஒரு குத்துக் குத்தினேன். புட்டு முழுசாக இறங்கியது.

தாணுதான் மெதுவாக வாயைத் திறந்தான்.

"எம்மா, அது தட்டு இல்ல. தோக்காக்கும்."

தோக்கு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கி. புது மாடலாம். மிகச் சின்னக் குண்டு போடுகிற கைத்துப்பாக்கியாம். (குண்டு போடவில்லை என்று பிறகு சத்தியம் பண்ணினான்.) ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது ஒரு முனை மட்டும் தேங்காய்ப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

நான் வெட்கப்பட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. "சோறு திங்க மேசையில தோக்கா?" என்று இன்னொரு பாட்டம் ஆரம்பித்தேன். சுபேதார் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். பட்டாளப் பழக்கம், கை தானாக அதைக் கழற்ற ஆரம்பித்தது. மணலையும் சேற்றையும் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், தேங்காய்ப்பூவை எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊதினார், தட்டினார், என் அடுக்களையிலிருந்து ஒரு ஈர்க்குச்சி கேட்டு வாங்கிக் குத்தினார். பிறகு கையைக் கழுவிவிட்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சுபிதா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. தட்டு எடுத்துக் கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த மூன்று நாள்தான் எனக்கு வயதானது. புதன்கிழமை சுபேதார் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"அம்மா, அந்தத் தோக்கு காணாதுன்னுதான் சொன்னேன். இப்பம் நெனச்சா, ஒங்க வீட்டுக்கு எந்தத் தோக்கும் வேண்டாம். நீங்க ஒரு ஆளு காணும். நாள் பாக்கலாமா?"

இதைப் புகழ்ச்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டில் புடவைக்கு மேலே, சிவப்பு ரிப்பன் கட்டி, என் முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைப் புட்டுக்குழல் இருந்தது. வீடியோக்காரன் அதை இரண்டு தடவை சுற்றி வந்து எடுத்தான். அந்தத் துப்பாக்கிக்குத் 'தேங்காப்பூ' என்று பெயர் விழுந்துவிட்டது. தேர்தல் வந்து லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், தேங்காப்பூவைக் கொடுத்தாச்சா என்று தாணுவுக்கு முதல் போன் சம்பந்தியிடமிருந்துதான் வரும்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்த சுபிதாவேதான். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வயிறு குலுங்க இடையில் நாலு தடவை சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

ஏட்டி, எழுதினது போதும். இனி முதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேக்கட்டும். நல்ல சத்தமா வாசி மக்கா. ஒன் மாமனாரு முன்னறையில புட்டு தின்னுட்டு இருக்காரு.