பட்டிப்புலத்திலிருந்து நெம்மேலிக்கு நாலு நிமிஷம்

செங்கல்பட்டு,
செவ்வாய்க்கிழமை, மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு.

என் அக்காள் பெற்ற ஒரே செல்வமும், சிறுசேரி கம்பெனி முழுவதையும் ஒற்றைத் தோளில் தாங்கிக்கொண்டிருப்பவளுமான மருமகள் கீர்த்தனாவுக்கு, உன் தாய்மாமன் கண்ணாயிரம் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், உன் அத்தை வேண்டா, நமது குட்டியானை சரக்கு வண்டி ஆகிய மூவரும் ஓடும் நிலையில் இருக்கிறோம். அவ்விடம் உன் வலது தோள் எலும்பின் சௌக்கியத்தை அறிய ஆசைப்படுகிறேன். போனில் கேட்கலாம்தான், நீ வழி வைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டு, "மாமா, என் பேர்ல யாரு சைக்கிள் ஓட்னது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பதினாலு தடவை கூப்பிட்டேன். பதினாலு தடவையும் ஒரு பொம்பளை இப்போது உன்னோடு பேச முடியாது என்று சொன்னாள். கடைசி இரண்டு தடவை அவள் குரலிலேயே எனக்காக ஒரு இரக்கம் தெரிந்தது. ஆகவே கடிதம். தவிரவும் உங்கள் சைக்கிள் குழுவின் சட்டம் என்ன? ஓட்டினவன் ஓட்டியதை எழுத வேண்டும், எழுதாதவன் அடுத்த வாரம் எல்லோருக்கும் நாஸ்தா வாங்கித் தர வேண்டும். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் (எட்டு என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே), சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.

முதலிலிருந்து சொல்கிறேன். தை மாதம் நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலைக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வெள்ளை நாய் குறுக்கே வந்து நீ விழுந்தாயே, அன்றைக்கு உன்னையும் சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உன் அம்மா கூட்டிப்போனாள், சைக்கிள் என் பங்குக்கு வந்தது. ஏழு மாதமாக அது நம் வீட்டு ஹாலில்தான் இருந்தது. அதற்கு ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மணி கிடையாது, மட்கார்டு கிடையாது. இத்தனையும் இல்லாமல் ஒரு சைக்கிள் செய்யத்தான் வெளிநாட்டுக்காரன் அவ்வளவு படிக்கிறான் போலிருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்தேன். உன் அத்தை முதல் வாரம் தொடவில்லை. இரண்டாவது வாரம் அந்த வளைந்த கைப்பிடியில் மஞ்சப்பையை மாட்டினாள். மூன்றாவது வாரம் அதில் உள்பாவாடை காய்ந்தது. நான் சத்தம் போட்டேன். "பொண்ணும் ஓட்டல, நீயும் ஓட்டல. அது இன்னா சாமியா, சும்மா பாத்துகினே கெடக்க?" என்றாள். அவளோடு பேசி ஜெயித்தவன் இந்தத் தாலுகாவில் இல்லை. உங்கள் குழுத் தலைவர் ஆல்வின் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை கேளம்பாக்கத்திலிருந்து வந்து, பாவாடையை மரியாதையாக எடுத்து வைத்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போவான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான், அதனால் இதுவரை சொல்லவில்லை.

போன மாதம் நீ, "மாமா, அந்த சைக்கிளை வித்துடு. நெனச்சாலே தோள் வலிக்குது" என்றாய். சரி என்றேன். சொன்ன சொல் தவறியது என் சரித்திரத்தில் இல்லை. மூன்று பேர் பார்க்க வந்தார்கள். முதல் ஆள் பின்னால் பால்கேன் கட்டலாமா என்று கேட்டான், வாசலோடு அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆள் ஏறி உட்கார்ந்தான், சைக்கிள் முனகியது, எனக்குக் கேட்டது. மூன்றாவது ஆளிடம் ஒரு குறையும் இல்லை, அதனாலேயே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் உன் பழைய போன். புதுசு வாங்கினபோது, பாட்டுக் கேளு மாமா என்று கொடுத்தாயே, அதேதான். அதில் ஒரு சைக்கிள் ஆப் தூங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டது, முழித்துக்கொண்டது. உள்ளே பார்த்தால் உங்கள் குழு மொத்தமும் இருக்கிறது. யார் எங்கே ஓட்டினார்கள், எவ்வளவு வேகம், கோடு போட்ட வரைபடம், அதற்குக் கீழே அவரவர் எழுதின கதை. ஆல்வின் எழுதுகிறான்: "இன்று எதிர்காற்று. முட்டுக்காடு பாலத்தில் என் நுரையீரல் வெளியே வந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது." கோவளத்து டீச்சர் ஜாக்குலின் எழுதுகிறாள்: "பட்டிப்புலத்திலிருந்து நெம்மேலி. இன்றும் கீர்த்தனாவின் நேரத்தைப் பிடிக்க முடியவில்லை. பதினோரு விநாடி பாக்கி. அவள் காலில் மோட்டார் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லவும்." எல்லோரும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஜாதி. எனக்கு ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. தினமும் ஒருமணி நேரம் படித்தேன்.

அப்புறம் உன்னுடையதைப் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. "செங்கல்பட்டு வரை போனேன். மாமா வீட்டில் நாஸ்தா. மாமா சின்ன வயதில் ஒரே மூச்சில் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொன்னார். போன தடவை நாற்பது கிலோமீட்டர், இந்தத் தடவை அறுபது." நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்றில் நான் வருகிறேன். எண்ணினேன், இரண்டு தடவை. தை மாதத்துக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், போன்தான் சூடானது. அன்றைக்கே முடிவு செய்தேன்: விற்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது விற்கிறவன் கடமை.

ஞாயிறு காலையில் ஆல்வின் கொடுத்திருந்த, பின்பக்கம் பஞ்சு வைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உன் அத்தை கோலப்பொடி டப்பாவோடு நின்றாள்.

"இன்னா இது, கொயந்தைக்கு கட்டிவுட்ட மாரி கீது?"

"சைக்கிள் டிரஸ்ஸுடி. இதப் போட்டாத்தான் வேகம் வரும்."

"வேகமாவே போயிடு. நாளைக்கு இதே தெருவுல நான் தண்ணி புடிக்கணும்."

இந்த ஆசீர்வாதத்தோடு ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது சூரியன் இன்னும் வரவில்லை, நான் வந்துவிட்டேன். ஒரு கவர்மெண்டு பஸ் ரொம்ப நேரம் என் பின்னாலேயே வந்தது. ஒதுங்கி வழிகூட விட்டேன், பாவம், முந்த முடியவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணாத்த, கொஞ்சம் மெல்லமா போ. பாசஞ்சருங்கல்லாம் எறங்கி உன்கூட வர்றேன்னு பேஜார் பண்றாங்க" என்றான். நான் என்ன செய்ய, சைக்கிளுக்கு மெல்லமாகப் போகத் தெரியவில்லை.

பூஞ்சேரி டீக்கடையில் உங்கள் ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். கோவளத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு பஞ்சராம், ஒருவனுக்குத் தொடையில் நரம்பு இழுத்துக்கொண்டதாம், ஒருவனைக் காக்கா துரத்தியதாம். நான் சட்டை முழுக்க நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"அங்கிள், செங்கல்பட்டுலேர்ந்தா? எத்தினி எடத்துல நின்னீங்க?" என்றான் ஆல்வின்.

"நிக்கறதா? பிரேக் எங்க கீதுன்னே நான் இன்னும் பாக்கல தம்பி."

ஜாக்குலின் என் தோளைத் தட்டிவிட்டுக் கையைப் பார்த்தாள். "இன்னா அங்கிள், வேர்வை ஐஸ் தண்ணி மாரி ஜில்லுனு கீது?"

"கொளவாய் ஏரிக் காத்து பட்ட ஒடம்பும்மா. எங்களுக்கு அப்டித்தான் வரும்."

ஆல்வின் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு டீ சொன்னான். அப்போது ஜாக்குலின், "கீர்த்தனா எப்ப வருவா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லத் தெரியாதவன். சைக்கிளை விற்கப் போகிறோம் என்றேன். அதுவரை காக்கா கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே டம்ளரைப் பார்த்தது. ஜாக்குலின்தான், "அப்ப நான் யாரத் தொரத்தறது அங்கிள்?" என்றாள். "அவ இல்லாதப்ப மொத எடம் வந்து இன்னா பண்றது?" எனக்கு வடை இறங்கவில்லை. நாலு சாப்பிட்டேன், ஒன்றும் இறங்கவில்லை.

அவர்கள் கடற்கரைப் பக்கம் போனார்கள். நான் தனியாக வடக்கே நெம்மேலிக்குக் கிளம்பினேன். உன்னைத் தள்ளிவிட்ட அந்த ரோட்டை நானும் ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். பட்டிப்புலத்தில் கடல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது பார், தென்னை மரமெல்லாம் பின்னால் ஓடுகிறது, காரில் போகிறவன் கண்ணாடியை இறக்கி வணக்கம் வைக்கிறான், அந்த ஆலையில் எடுக்கிற உப்பு முழுவதும் என் நெற்றி வழியாகத்தான் வருகிறதோ என்று நினைக்கும்படி வேர்த்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாம்பார் ஊற்றிக்கொள்ளும்போது போன் கிர்ர் என்றது. எடுத்துப் பார்த்தால் கிரீடம், ஒரு ரோட்டில் முதல் இடம் வந்தவருக்கு ஆப் வைக்கிற கிரீடம். பட்டிப்புலம் நெம்மேலி, ஐந்து கிலோமீட்டர். நீ இரண்டு வருஷமாக வைத்திருந்தது ஒன்பது நிமிடம் இருபத்திரண்டு விநாடி. நான் நாலு நிமிடம் பதினாறு. மணிக்கு எழுபது கிலோமீட்டர். உன் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. இந்த ஐம்பத்தெட்டு வயதில்.

கைகழுவிவிட்டு வந்து திரும்பப் பார்த்தேன். கிரீடத்துக்குப் பக்கத்தில் என் பேர் இல்லை, உன் பேர் இருந்தது. போன் என் கையில் இருந்தாலும் ஆப் உன் பேரில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் நாற்பத்தேழு பேர் எழுதிவிட்டார்கள். கீர்த்தனா வந்துட்டா, கீர்த்தனா வந்துட்டா என்று ஒரே கூச்சல். காலையில் உன் சைக்கிளை என் கையில் பார்த்தவர்கள்கூட எழுபது கிலோமீட்டர் வேகம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை பார், அதுதான் என் மனசை என்னவோ செய்தது. ஜாக்குலின் எழுதினதை நீயும் பார்த்திருப்பாய்: "இனி ஜென்மத்துக்கும் உன்னைப் பிடிக்க மாட்டேன். பரவால்ல. நீ ரோட்டுக்கு வந்ததே போதும். அழுதுகினே டைப் பண்றேன்." அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் போன் வந்தது.

தப்பு என்னுடையதுதான். உன் பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பரிகாரமாக, நீ சொன்னபடியே சைக்கிளை நேற்றுக் கைமாற்றிவிட்டேன். நல்ல கை. ஓட்டத் தெரிந்த கை. சங்கிலியைத் துடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்து, பஞ்சர் ஒட்டுகிற சாமானைச் சீட்டுக்கு அடியில் கட்டி, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு வந்தேன். உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பாவாடை காயப்போட இடம் போயிற்று என்றாள். இனி அதை நினைத்து உன் தோள் வலிக்க வேண்டியதில்லை.

உன் எலும்பெல்லாம் கூடுவாஞ்சேரி ரயில் தண்டவாளம் மாதிரி உறுதியாக இருக்கட்டும். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று உன் முதுகுப் பக்கமாக வரட்டும். உன் அம்மாவிடம் நான் ஒன்பதாவது படித்ததை ஞாபகப்படுத்தவும். உன் அத்தை, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அதை நான் சொன்னதாகவும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பேரில் கிரீடம் வாங்கிய,
தாய்மாமன் கண்ணாயிரம்.

பின்குறிப்பு: மேலே எழுதினதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன், நாலைந்து இடத்தில் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டது நிஜம். தெருமுனையில் முழங்கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றினேன். அந்த பஸ்ஸை முந்தியது குட்டியானை, கண்டக்டர் என்னிடம் பேசவே இல்லை. பூஞ்சேரியில் வண்டியை ஒரு லாரிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, தண்ணீர் கேனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனேன். ஆல்வின் அதைப் பார்த்துவிட்டான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவனுக்கு நீ ஒரு டீ கடன்பட்டிருக்கிறாய். பட்டிப்புலத்திலிருந்து எழுபதில் போனதும் குட்டியானைதான். சைக்கிள் பின்னால் படுத்துக்கொண்டு வந்தது, காலையில் ஆப்பைத் தட்டிவிட்டு அதன் கைப்பிடியில் மாட்டிய போன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் பொய்யில்லை. அந்த ஐந்து கிலோமீட்டர் முடிந்து கொஞ்சம் தாண்டி, நீ விழுந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சைக்கிளை இறக்கினேன். ஏறினேன். அங்கேயிருந்து ஆலை கேட் வரைக்கும் நானே ஓட்டினேன். லாரி சத்தம் முதுகில் கேட்டபோது அம்மா என்றேன். ஏழு மாதமாக உன்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னாத்துக்கு பாப்பா பயப்படற என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அந்த வெள்ளை நாய் கேட் பக்கத்தில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை, என் வேகம் அப்படி.

அப்புறம், இந்த உறையில் தபால்தலை இல்லை, கவனித்தாயா? நாவலூருக்கு நானே கொண்டுவந்து உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஏசுபாதத்திடம் கொடுக்கிறேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் நேற்றிலிருந்து உன் அத்தையின் பழைய புடவை போர்த்தி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். நல்ல கை என்று எழுதினது உன் கையைத்தான். வேண்டாம் என்றால் ஏசுபாதத்திடம் ஒரு வார்த்தை சொல், ஏன் என்று கேட்காமல் வந்து எடுத்துப்போய் நிஜமாகவே விற்றுவிடுகிறேன். வேண்டும் என்றால், என் நாலு நிமிஷத்தை அந்த ஆப்பிலிருந்து உன்னால்தான் அழிக்க முடியுமாம். ஜாக்குலினுக்கு மட்டும் நேரில் சொல்லிவிட்டு அழி, அவள் பதினோரு விநாடிக்காக ரெண்டு வருஷமாக மிதித்திருக்கிறாள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு உங்கள் குழு கோவளத்தில் நிற்கும். நீ எவ்வளவு மெல்லமாகப் போனாலும் சரி, உன் பின்னாலேயே, ஹாரன் அடிக்காமல், குட்டியானையில் நான் வருவேன். இந்தத் தடவை போனை அணைத்துவிட்டு.